கல் வாயிலுக்கு அப்பால்

ஜொகூர் மாநில மாணவர்கள் மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா செல்வதுண்டு. மூவாரிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். அங்கு ‘ஆ பாமோசா’ கோட்டை வாயிலின்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குன்றின்மேல் ஏறி, 1521ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தேவாலயத்தின் எஞ்சிய சுவர்களைப் பார்க்கிறார்கள். மாலையில் வீடு திரும்புகிறார்கள். போர்த்துகீசிய மரபு என்பது இவ்வளவுதான் என்னும் எண்ணமும் அவர்களுடன் திரும்பி வருகிறது. இவ்வெண்ணம் மாற வேண்டும்.

கற்கள் வரலாற்றின் ஒரு பகுதியை மட்டுமே சொல்கின்றன. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினர். 1587இல் ஜொகூர் ஆற்றங்கரையிலிருந்த ஜொகூர் லாமா நகரையும் அழித்தனர். 1641இல் ஜொகூரின் துணையோடு டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தனர். அதனால்தான் அக்கோட்டை வாயிலில் டச்சு நிறுவனத்தின் சின்னமும் 1670 என்னும் ஆண்டும் காணப்படுகின்றன. 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை இடிக்கத் தொடங்கினர், இவ்வாயில் தப்பியது. ஆட்சிகள் மாறினாலும் போர்த்துகீசிய வழித்தோன்றல்கள் பலர் இம்மண்ணிலேயே வாழ்ந்தனர். அன்று ஜொகூருக்குப் பகைவராக இருந்தவர்களின் வழிவந்தோர் இன்று நம் நாட்டுக் குடிமக்கள்.

அவ்வாயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கடலோரமாக உஜோங் பாசிர் உள்ளது. ஆங்காங்கே சிதறி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்காக 1930களில் இங்குப் போர்த்துகீசியக் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் எளிய மரவீடுகளே இருந்தன. அல்புகெர்க், எரெடியா போன்ற பெயர்களை இங்குள்ள சாலைகளில் இன்றும் காணலாம். ‘கெராகாவ்’ எனப்படும் பொடி இறாலை வலைகொண்டு பிடித்து, பெலாச்சானும் சின்சாலோக்கும் செய்வது இம்மக்களின் பழைய தொழில். ஜூன் இறுதியில், மீனவர்களின் பாதுகாவலரான புனித பேதுருவின் விழாவில் படகுகளை அலங்கரித்து ஆசி பெறுகிறார்கள். இவர்களுடைய தாய்மொழி, பழைய போர்த்துகீசியமும் மலாயும் கலந்து வளர்ந்த கிரிஸ்தாங்.

மலாக்கா நகரின் பழைய பகுதி 2008இல் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் இக்குடியிருப்பு இல்லை. கரையோரக் கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகள் மீனவர்களின் பிழைப்பைப் பாதிக்கின்றன. கிரிஸ்தாங் பேசும் இளையோரும் குறைந்து வருகின்றனர்.

வளர்ச்சிக்கு நிலம் வேண்டும் என்பதும், சிறிய மொழியால் வேலை கிடைக்காது என்பதும் சிலர் கூறும் கருத்துகள். வளர்ச்சி தேவைதான். ஆனால், கடலை நம்பி வாழ்வோரைக் கேட்டுத் திட்டமிட்டால் வளர்ச்சி நின்றுவிடாது. மொழியின் மதிப்பை வேலைவாய்ப்பால் மட்டும் அளப்பதும் சரியன்று. பன்மொழிச் சூழலில் தமிழைக் கற்கும் மாணவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தாத்தா பாட்டியின் பேச்சு பேரப்பிள்ளைகளுக்குப் புரியாமல் போவது எத்தகைய இழப்பு என்பதை அவர்கள் அறிவார்கள்.

போர்த்துகீசியம் நம் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. சன்னல், மேசை, அலமாரி ஆகியவை அம்மொழி வழியாகத் தமிழுக்கு வந்த சொற்கள். மலாயில் ‘ஜெண்டேலா’, ‘மேஜா’, ‘அல்மாரி’ என்று வழங்கும் சொற்களும் அவ்வாறு வந்தவையே. ஒரே கடல்வழி நம் சொற்களையும் அண்டை வீட்டார் சொற்களையும் இணைத்துள்ளது.

ஆகவே, மலாக்காச் சுற்றுலா கோட்டை வாயிலோடு முடிந்துவிடக் கூடாது. பள்ளிகள் உஜோங் பாசிருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மாணவர்கள் அங்குள்ள முதியவர்களிடம் வலைவீசும் முறையைக் கேட்டறியலாம். அவர்களின் மொழியில் சில சொற்களையும் கற்கலாம். விடைபெறும்போது ‘மூத்து மெர்சே’ என்று நன்றி கூறலாம். இடிந்த சுவரைச் செப்பனிடக் கல்லும் சுண்ணாம்பும் போதும். ஒரு மொழியைக் காப்பாற்ற, அதைப் பேசுவோரும் கேட்போரும் வேண்டும்.