வியாகுலமும் பனங்கட்டியும்

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மறுபடியும் கப்பல் ஓடப்போகிறது என்ற செய்தி இவ்வாரமும் பத்திரிகையில் வந்திருந்தது. இதைப் பற்றி இப்பத்தியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்பதை நெடுநாள் வாசகர்கள் அறிவார்கள். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்த கதையையும், அதன் பின்னரும் இருபது ஆண்டுக் காலம் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்துகொண்டிருந்த கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. பழைய இறங்குதுறையின் துருவேறிய தூண்களை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்ற எண்ணத்தோடு, சென்ற வெள்ளிக்கிழமை பிற்பகல் மன்னாரில் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஒரு வாலிபர் என் கையில் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தந்தார். விசுவாசி எக்காலத்திலும் மலர்ந்த முகத்தோடு இருத்தல் வேண்டும் என்பதும், கண்ணீர் விசுவாசக் குறைவின் அடையாளம் என்பதும் அதன் சாராம்சம். இத்தகைய பிரசுரங்கள்மீது எனக்குள்ள மனத்தாங்கல் வாசகர்களுக்குப் புதிதன்று. ஆயினும் அதை வாசித்து முடித்த வேளையில் பஸ் தோட்டவெளியைக் கடந்துகொண்டிருந்தபடியால், அம்மனத்தாங்கல் அன்று வழக்கத்தினும் மிகுந்தது. 1544இல் சங்கிலி மன்னனுடைய ஆக்கினையால், ஞானஸ்நானம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த ஏறக்குறைய 600 பேர் வெட்டுண்டு மடிந்ததை இன்றளவும் நினைத்து மெழுகுதிரி ஏற்றும் ஊர் அது. அம்மண்ணின் ஓரமாகப் போகிறவர்களிடம் அழாதே என்று அச்சடித்துக் கொடுக்க எப்படி மனம் வருகிறது? சந்தோஷத்தின் நிருபம் என்று பிரசித்தி பெற்ற பிலிப்பியர் நிருபத்தைச் சின்னப்பர் விலங்கிடப்பட்ட நிலையில் எழுதினார் என்பதைப் பிரசங்கிமார் மறவாமல் சொல்கிறார்கள்; அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், தாம் கண்ணீரோடு பேசுவதாக அவரே ஒப்புக்கொள்வதை ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த நினைவோடு தலைமன்னார் வரை போக மனம் இசையாமல், நெடுநாளாகப் பழக்கமான ஒரு வீடு உண்டென்பதால், பேசாலையிலேயே இறங்கிவிட்டேன். தபசு காலமாகையால் அவ்வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, அண்டை அயல் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அமர்ந்திருக்க, நடுவில் ஒரு சிறுமி வியாகுலப் பிரசங்கம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அந்நூலை ஆக்கிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் கோவாவைச் சேர்ந்தவர். கொங்கணியைத் தாய்மொழியாக உடையவர். கப்பலைப் பற்றி எழுதப் புறப்பட்ட எனக்கு, 1705இல் அவர் இத்தீவுக்கு வந்து கரையிறங்கிய இடம் தலைமன்னாரே என்பது அப்போது நினைவுக்கு வந்தது. 1658இல் மன்னாரைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை விதித்து, அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களையும் தண்டித்துவந்த காலம் அது. 1687இல் ஏழைத் தொழிலாளியின் வேஷத்தில் வந்து, பல ஆண்டுகள் தன்னந்தனியராகத் தீவெங்கும் அலைந்த யோசேப் வாஸ் முனிவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவருள் ஒருவரான இவர், தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரண்டிலும் நூல்கள் இயற்றி, 1742இல் போலவத்தையில் காலமானார். குருவின் முகத்தைக் காண மாதங்களும் சில வேளை வருஷங்களும் காத்திருந்த ஊர்களில், பூசை இல்லாத வெள்ளிக்கிழமைகளில், எழுத்தறிந்த எவரேனும் ஒருவர் விளக்கின் முன் உட்கார்ந்து வாசிக்கவும், எழுத்தறியாதவர் கேட்டு அழவும் ஏற்றதாக, கர்த்தருடைய பாடுகளைத் தாயின் துக்கத்தோடு சேர்த்துச் சொல்லும் இந்நூல் அமைந்தது. பிறமொழிக்காரர் ஒருவர் தமிழ்த்தாயின் ஒப்பாரிக்குள் இத்தனை தூரம் புகுந்துவிட்டாரே என்று, எத்தனை முறை வாசித்தாலும் நான் வியக்கிறேன். சில ஊர்களில் இப்போது ஒலிபெருக்கியில் பதிவுநாடாவைப் போட்டுவிட்டு எல்லோரும் தத்தம் வேலையைப் பார்க்கிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம்.

அவ்வீட்டுப் பிரதி தாளெல்லாம் பழுப்பேறி, முனைகளில் உப்புக்காற்று அரித்திருந்தது. 1990இல் இக்கரையோரத்து மக்கள் படகேறி இராமேசுவரத்துக்கு ஓடியபோது, வீட்டுக்காரக் கிழவி இதைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போய், மண்டபம் முகாமில் ஒவ்வொரு தபசு காலமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்த பிறகு, 2006 ஜூன் மாதத்தில் பேசாலை வெற்றிநாயகி கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஜனங்கள்மீது கைக்குண்டு வீசப்பட்ட அன்றும், அவர் உள்ளேதான் இருந்தார். நான் போயிருந்த வெள்ளிக்கிழமை காலையிலோ, மகன் விரித்திருந்த வலையை இழுவைப்படகொன்று அறுத்துக்கொண்டு போயிருந்தது. அந்தத் துக்கத்தையும் சேர்த்துத்தான் அன்று மாலை அவர் அழுதார் என்பது எனக்குத் தெரிந்தது.

வாசிப்பு முடிந்து, முந்தானையால் எல்லோரும் கண்களைத் துடைத்துக்கொண்டதும், பனங்கட்டியும் வெறுந்தேத்தண்ணியும் வந்தன. அப்பொழுது அவ்விறாந்தையில் எழுந்த கலகலப்பை எப்படி வர்ணிப்பேன்! ஒருத்தி மருமகளைச் சீண்டினாள். இன்னொருத்தி கழுதை தன் வீட்டுக் கருவாட்டுப் பாயை மிதித்த கதையைச் சொன்னாள். கிழவி வயிறு குலுங்கச் சிரித்தார். சற்று முன் தேம்பியவர்கள் இவர்கள்தாமா என்று நான் கேட்டேன்.

“பெத்த தாய் அழுகிறா, தம்பி. செத்த வீட்டுக்குப் போன மாதிரி, நாங்களும் பக்கத்தில இருந்து அழுதுட்டு வாறம். அவவத் தனிய விடேல்லத்தானே? அதுக்குப் பிறகு தேத்தண்ணி ருசியா இருக்கும்” என்றார்.

துண்டுப்பிரசுரம் என் சட்டைப்பையில் இருந்தது. அதை அவரிடம் காட்டவில்லை.

இறங்குதுறைக்கு நான் போகவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தபடியால், எனக்காக இன்னும் ஒரு பக்கம் வாசிக்கும்படி கிழவி பேத்தியைக் கேட்டார். சிறுமி ‘சர்வேஸ்வரன்’ என்று வாசித்தாள். பார்வை மங்கிய அப்பாட்டி, புத்தகத்தின் பக்கம் திரும்பாமலே, “சருவேசுரன் எண்டு சொல்லு, பிள்ள. அப்பிடித்தான் எழுதியிருக்கு” என்று திருத்தினார். சிறுமி விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.