கோள் சொன்னவருக்கு நல்ல 'சீட்'; வேலை செய்தவருக்கு மேலும் வேலை!

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் மாலை 6 மணிக்கு நின்றால் போதும். வேலை முடிந்து ஊர் திரும்பும் ஊழியர்களின் பேச்சு காதில் விழும்.

"நமக்கு எதுக்குவே வம்பு? சொன்ன சோலிய மட்டும் பாத்துட்டுப் போவோம்!"

அலுவலகத்தைப் பிடித்த நோய் முழுவதும் இந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

இப்படிச் சொல்கிறவர் சோம்பேறி அல்ல. சேர்ந்த புதிதில் விழுந்து விழுந்து உழைத்தவர்தான். பிறகு பார்த்தார். உழைக்கிறவர் மேஜையில் பைல் மேல் பைல்! மேலதிகாரி அறைக்குப் போய் அடுத்தவரைப் பற்றி வத்தி வைக்கிறவருக்கு நல்ல சீட், கேட்ட நாளில் லீவு! "அவரு ஐயாவுக்கு வேண்டிய ஆளு" என்று பேச்சு வேறு. மனது விட்டுப் போயிற்று. இப்போது உடம்பு மட்டும் 10 மணிக்கு வந்து 5.45-க்குப் போகிறது.

நஷ்டம் யாருக்கு? பேச்சிப்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்து, "அந்த சீட்டுக்காரர் இல்ல, நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்புகிற பொதுஜனத்துக்குத்தான். கடையிலும் இதே கதைதான். முதலாளி அண்ணாச்சி ஒருவர் பேச்சை மட்டும் கேட்டால், மற்றவர்கள் வாடிக்கைக்காரரை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அன்றே இருந்த நோய்

இது நேற்று வந்ததல்ல. 1799-ல் திருவிதாங்கூர் அரண்மனையில் மன்னருக்கு வேண்டியவர்கள் வைத்ததுதான் சட்டம். காரியக்காரராக, அதாவது தாசில்தாராக இருந்த தலக்குளம் வேலுத்தம்பியிடம் 3 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். 3 நாள் தவணை கேட்டு நாஞ்சில் நாட்டுக்கு வந்தவர், பணத்தோடு திரும்பவில்லை; ஜனங்களோடு திரும்பினார்! வேண்டியவர்களின் ஆட்டம் முடிந்தது.

எல்லோரும் வேலுத்தம்பி ஆக முடியுமா? முடியாது. அதனால்தான் விதி வேண்டும் என்கிறோம்.

வழி இருக்கிறது

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இடமாறுதல் கலந்தாய்வு நடக்கிறது. அதிலும் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் காலியிடம் எது, முன்னுரிமை யாருக்கு என்பது வெளியே தெரிகிறது. வட மாவட்டத்தில் இருந்துகொண்டு குமரிக்கு வரக் காத்திருக்கும் ஆசிரியர், இடம் கிடைக்காவிட்டாலும் காரணத்தைத் தெரிந்துகொள்கிறார். ஐ.ஏ.எஸ். போன்ற அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுப்படி நடக்கக் கூடாது, எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 31-10-2013 அன்று சொன்னது.

இந்த வெளிச்சம் எல்லா அலுவலகத்துக்கும் வரட்டும். எந்த சீட் யாருக்கு, எத்தனை நாளைக்கு, லீவு யாருக்கு முதலில் என்பதை நோட்டீஸ் போர்டில் போடட்டும். கோள் கொண்டு வருகிறவரிடம் "எழுதிக் குடுங்க" என்று மேலதிகாரி ஒரே ஒரு தடவை கேட்கட்டும். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்! நன்றாக உழைத்தவரை நாலு பேர் முன்னால் பாராட்டட்டும்.

இதற்குச் சம்பளக் கமிஷன் தேவையில்லை. காசும் செலவில்லை. "சொன்ன சோலிய மட்டும்" என்றவர், சொல்லாத சோலியையும் இழுத்துப் போட்டுச் செய்வார். பேச்சிப்பாறைக்காரரும் ஒரே நாளில் காரியம் முடிந்து ஊர் போய்ச் சேருவார்!