“கிட்டத்தட்டப் பூஜ்யம்” என்ற விடையைக் குறைவாக எடை போடாதீர்கள்

மாணவர்களே, அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனையில் “எந்த மாற்றமும் தெரியவில்லை” என்று விடை வந்தால் என்ன செய்வீர்கள்? நான் படிவம் நான்கில் படித்தபோது, புத்தகத்தில் இருக்கும் விடைக்கு ஏற்ப எண்களைத் திருத்தி எழுதினேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. செர்ன் ஆய்வுக்கூடத்தின் ‘ஆலிஸ்’ குழு 2024இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்தபோது அந்தப் பழைய திருட்டுத்தனம் நினைவுக்கு வந்தது. அக்கட்டுரையின் முக்கிய விடை: கிட்டத்தட்டப் பூஜ்யம். அதை அவர்கள் திருத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

அது எதைப் பற்றிய பூஜ்யம்? புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் இருப்பவை ‘அப்’, ‘டவுன்’ என்ற இலேசான குவார்க்குகள். 1974 நவம்பரில் அமெரிக்காவின் இரு குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ‘சார்ம்’ என்ற கனமான குவார்க்குக்குச் சான்று கண்டன. அதற்காகச் சாமுவேல் டிங், பர்ட்டன் ரிக்டர் இருவருக்கும் 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சார்ம் குவார்க், இலேசான ஓர் எதிர்க்குவார்க்குடன் சேர்ந்தால் அது ‘டி மெசான்’. அதன் நிறை புரோட்டானைப்போல் இரு மடங்கு. ஆயுளோ ஒரு நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுதான்.

செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஈய அணுக்கருக்களை நேருக்கு நேர் மோதவிடுகிறார்கள். ஓர் ஈயக் கருவில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். மோதும் இடத்தில் சூரியனின் மையத்தைவிட இலட்சம் மடங்குக்கும் மேலான வெப்பம் உண்டாகிறது. புரோட்டான்கள் உருகி, குவார்க்குகளும் குளுவான்களும் கலந்த ஒரு திரவம் தோன்றுகிறது. பெருவெடிப்புக்குப் பிந்திய முதல் சில மைக்ரோ நொடிகளில் பிரபஞ்சம் முழுவதும் இப்படித்தான் இருந்தது என்பது அறிவியலாளர்களின் கணிப்பு.

இந்தத் திரவம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளிகூட நிலைப்பதில்லை. உள்ளே தெர்மாமீட்டரை வைக்க முடியாது. ஆகவே ஒரு சாட்சி வேண்டும். சார்ம் குவார்க் நல்ல சாட்சி. கனமானது என்பதால் மோதலின் முதல் கணத்தில்தான் அது பிறக்கிறது. பின்னால் வரும் வெப்பம் அதைப் புதிதாக உண்டாக்கப் போதாது. திரவம் முழுவதையும் கடந்து, டி மெசானாக வெளியே வருகிறது. வேகமான டி மெசான்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகின்றன. அவை திரவத்தின் ஓட்டத்தோடு இழுபட்டும் வருகின்றன. இவை இரண்டையும் ஆலிஸ் அளந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். இரவுச் சந்தையிலிருந்து உங்கள் நண்பன் சட்டை கசங்கி வருகிறான் என்று வையுங்கள். கசங்கியது சந்தை நெரிசலிலா, வெளியே கார் நிறுத்துமிடத்துக் கூட்டத்திலா? திரவம் குளிர்ந்ததும் பையான், கேயான் போன்ற துகள்கள் கூட்டமாகப் பிறக்கின்றன. டி மெசான் அந்தக் கூட்டத்தையும் கடந்துதான் கருவிக்கு வந்து சேர வேண்டும். அங்கே அது பலமாக இடிபட்டால், அது கொண்டுவரும் செய்தியில் பாதி திரவத்தைப் பற்றியதாகவே இருக்காது.

டி மெசானைப் பிடித்துப் பையான்மேல் எறிந்து பார்க்கலாமே என்பீர்கள். அதற்குள் அது சிதைந்துவிடும். அதனால் ஆலிஸ் குழு சுற்றுவழி ஒன்றை எடுத்தது. புரோட்டான்–புரோட்டான் மோதல்களில் டி மெசானும் பையானும், அல்லது கேயானும், மிக நெருக்கமாகப் பிறந்து ஏறக்குறைய ஒரே திசைவேகத்தில் பறக்கும் ஜோடிகளை எண்ணினார்கள். வெவ்வேறு மோதல்களிலிருந்து எடுத்துக் கோத்த ‘போலி’ ஜோடிகளோடு அவற்றை ஒப்பிட்டார்கள். விகிதம் 1 என்றால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. 1க்கு மேல் என்றால் ஈர்ப்பு, கீழே என்றால் விலக்கம்.

வந்த விடை: பள்ளியில் படிக்கும் மின்னூட்ட விசை ஒன்றே தரவுகளை விளக்கப் போதும். டி மெசானுக்கும் பையானுக்கும் இடையிலான வலிய விசையின் அளவு மிகச் சிறியது; பூஜ்யம் என்று சொன்னாலும் பொருந்தும். அதாவது, கார் நிறுத்துமிடத்தில் பெரிய நெரிசல் இல்லை. சாட்சியை நம்புவதற்கு நமக்கு வலுவான காரணம் கிடைத்திருக்கிறது.

நாளிதழ்கள் “பெருவெடிப்பை மீண்டும் உருவாக்கினார்கள்” என்று தலைப்புப் போடும். பூஜ்யத்துக்குத் தலைப்புப் போடாது. (இந்த இணைப்பிதழும் விதிவிலக்கல்ல.) என்னைக் கேட்டால், இந்தப் பூஜ்யம் இல்லாமல் அந்தத் தலைப்புகளுக்கு அடித்தளம் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேயான் ஜோடிகளுக்குக் கோட்பாட்டின் கணிப்பும் அளவீடும் ஒத்துப்போகின்றன. பையான் ஜோடிகளுக்கு வலிய விசையைச் சேர்த்துப் போட்ட கணக்குகள் அளவீட்டோடு உரசுகின்றன. தவறு கணக்கிலா, நாம் இன்னும் பார்க்காத ஏதாவதிலா? எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அந்த உரசலையும் அவர்கள் கட்டுரையின் சுருக்கத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். நான் படிவம் நான்கில் அழித்ததும் இப்படிப்பட்ட ஓர் எண்ணைத்தான்.

இப்போதைய தரவுகளில் பிழை எல்லைகள் அகலமாகவே உள்ளன. புதுப்பிக்கப்பட்ட ஆலிஸ் கருவி 2022 முதல் இயங்குகிறது. நொடிக்கு 50,000 ஈய மோதல்கள்வரை பதிவுசெய்யும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். பையான் கணக்கு யார் பக்கம் சாயும் என்பது அந்தக் குவியலுக்குள் இருக்கிறது.