மணவிலக்கும் சட்டத்தின் வழியும்

இசுலாமியத் திருமணம் ஓர் ஒப்பந்தம் என்பதை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். ஆயின், அவ்வொப்பந்தம் முறிய நேரும்போது அதனைச் சட்டப்படி முடித்துக்கொள்ளும் வழியை எடுத்துரைப்பார் அரியர். ஜமாஅத்தின் முத்திரை பெற்ற தாளொன்றை நம்பி மணவாழ்வு முடிந்ததெனக் கருதியிருக்கும் பெண், மறுமணத்தின்போதோ சொத்து வழக்கிலோ அத்தாள் செல்லாதென அறிய நேரின் அவள் நிலை என்னாகும்? கணவனோடு வாழ்பவளும் அல்லள். மணவிலக்குப் பெற்றவளும் அல்லள்.

மார்க்கம் காட்டும் நெறி தெளிவானது. பிணக்கு நேரின் இருதரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 35ஆம் வசனம் பணிக்கின்றது. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, மகராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பியளித்துப் பிரிய விரும்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசைந்தார்கள். ‘குலா’ எனும் பெண்ணின் உரிமைக்கு அந்நிகழ்ச்சியே சான்று.

இந்நாட்டுச் சட்டமும் இவ்வுரிமையைப் புறக்கணிக்கவில்லை. கணவன் கொடுமைப்படுத்தினும் பெண் மணவிலக்குப் பெற வழியின்றித் தவித்த காலத்தில், மௌலானா அஷ்ரஃப் அலி தானவி முதலிய உலமாக்கள் மாலிக்கி மத்ஹபின் தீர்வை ஏற்கலாம் என வழிகாட்டினர். அதன் பயனாக எழுந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் 4 ஆண்டுகள் இருப்பிடம் தெரியாதிருத்தல், 2 ஆண்டுகள் பராமரிக்கத் தவறுதல், 7 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெறுதல், கொடுமை செய்தல் முதலியன அதன்வழி மணவிலக்கு கோருதற்குரிய காரணங்கள். மணவிலக்குப் பெற்றாலும் மகர் உரிமை அழியாது என அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகின்றது.

அண்மைத் தீர்ப்புகளையும் அறிதல் வேண்டும். காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழை எதிர்த்து வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், நீதிமன்ற நடவடிக்கைகளைப் பொறுத்தவரை அச்சான்றிதழ் வெறும் கருத்தே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2017 சனவரியில் தெரிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 22இல் உச்சநீதிமன்றம் ஒரே மூச்சில் கூறும் முத்தலாக்கைச் செல்லாததாக்கிற்று. 2019ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. தனியார் அமைப்புகள் வழங்கும் குலா சான்றிதழ் செல்லாது. பெண் குடும்ப நீதிமன்றத்தை நாடலாம் எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

ஆதலின் முதற்படி, நிகாஹ் தஃப்தர் நகல், முகவரிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றைத் திரட்டுவதாகும். பின்னர்க் குடும்ப நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யவேண்டும். அங்கும் முதலில் ஆற்றுப்படுத்துநர் வழியாக இணக்கமே முயலப்படும். அது கைகூடாவிடில் சாட்சிய விசாரணையும் தீர்ப்பும் தொடரும். வழக்கறிஞருக்குப் பொருள் இல்லையே என அஞ்ச வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எதுவாயினும் பெண்கள் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். சென்னை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகின்றது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணும் ஜீவனாம்சம் கோரலாம் என உச்சநீதிமன்றம் 2024 சூலையில் உறுதிசெய்துள்ளது.

ஷரீஅத்தில் நீதிமன்றம் தலையிடலாமா என வினவுவார் உளர். 1939ஆம் ஆண்டின் சட்டத்திற்கு உலமாக்களே வழிவகுத்தனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நலம். ஜமாஅத்தின் தகுதியை இது குறைப்பதும் அன்று. குடும்பங்களை அறிந்த பெரியோர் அமர்ந்து பேசி ஒட்டவைக்கும் பணியை எந்த நீதிமன்றமும் அவர்களைப் போல் செய்ய இயலாது. ஒட்டாதபோது, “எங்கள் தாள் போதும்” என்று அனுப்பிவிடாமல், நீதிமன்றத்தின் வழியைக் காட்டியனுப்புவதே முறை.

கொட்டிவாக்கத்திலும் அண்டைப் பகுதிகளிலும் உள்ள பள்ளிவாசல் நிருவாகிகள், சட்டம் அறிந்த ஒருவரையேனும், இயலுமாயின் ஒரு பெண் வழக்கறிஞரை, தம் இணக்கக் குழுவில் அமர்த்த வேண்டும். மணவிலக்குத் தாள் ஒவ்வொன்றிலும், இது நீதிமன்றத் தீர்ப்பாகாது என்னும் குறிப்பை அச்சிட வேண்டும். நம் மாணவியர் கல்லூரியை விட்டு நீங்குமுன் இவ்வழிமுறையை ஒருமுறையேனும் கேட்டறிய நாம் வாய்ப்பளித்தல் கடமை. மணமகனைத் தேடக் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியையேனும் இதற்குச் செலவிடுவோமாக.