எவர்சில்வர் குடமும் முரளியின் முழங்கையும்

அனுப்பர்பாளையத்துல குடியிருக்கறவனுக்கு அளவு பாக்க சாமானுக்கா பஞ்சம்? தெருவுக்கு நாலு பாத்திரப் பட்டறை. அந்தத் தைரியத்துலதான் போன ஞாயித்துக்கிழமை, ப்ளஸ் ஒன் படிக்கிற பையனுக்கு புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபுடிச்சுக் காட்டறேன்னு மொட்டை மாடிக்கு ஏறினேன்.

1882லேயே பிரான்சுல மாரேங்கறவர் ஒரே தட்டுல நடை, ஓட்டம் எல்லாத்தையும் அடுத்தடுத்துப் பதிஞ்சவர். நமக்கு செல்போன் போதும். நொடிக்கு 30 பிரேம். ரப்பர் பந்தைக் கைவிட்ட பிரேமுல ஆரம்பிச்சு, மூணுக்கு ஒண்ணா எடுத்து ஒரே படமா அடுக்கினோம். உருவத்துக்கு உருவம் 0.1 நொடி. அளவுக்கு, சுவரோரமா 30 செ.மீ. உயரக் குடம்.

இடைவெளிகள் 1:3:5:7ன்னு அச்சு அசலா வந்துச்சு. கலிலியோ சொன்ன கணக்கேதான். ஆஹான்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன். 0.4 நொடியில 94 செ.மீ. ரெண்டால பெருக்கி, காலத்தோட வர்க்கத்தால வகுத்தா... 11.75!

"அப்பா, நம்மூர்ல மட்டும் பூமி கொஞ்சம் ஜாஸ்தியா இழுக்குதுங்களா?"

அரைமணி நேரம் மண்டையைப் பிச்சுக்கிட்டப்புறம்தான் புரிஞ்சுது. போனுக்கும் சுவருக்கும் 12 அடி. பந்து விழுந்ததோ சுவருக்கு 2 அடி முன்னால. 12/10, அதாவது 1.2 மடங்கு பெருசாத் தெரிஞ்சிருக்கு. குடத்தைப் பந்து விழற இடத்துக்குப் பக்கத்துல வெச்சு மறுபடி எடுத்தா 78 செ.மீ.; விடை கிட்டத்தட்ட 9.8. எனக்குப் பயமா இருந்தது தப்பு வந்ததுக்கு இல்லீங்க. விகிதம் சரியா இருந்ததால, தெரிஞ்ச விடை ஒண்ணு இல்லாட்டி சந்தேகமே வந்திருக்காது.

தெரிஞ்ச விடை இல்லாத இடத்துல மாட்டினவர் முத்தையா முரளிதரன். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். டேரல் ஹேர் ஏழு தடவை நோ பால் கொடுத்தார். அதுக்கப்புறம் வருசக்கணக்கா ஆளாளுக்குப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, எறியறார்னு தீர்ப்புச் சொன்னாங்க. அவர் முழங்கை பிறவியிலேயே முழுசா நீளாது. மடங்கின கை தோளோட சுழலும்போது, ஒரே கேமராவுல பாத்தா கோணம் மாறற மாதிரிதான் தெரியும், மாறவே இல்லைன்னாலும். என் குடம் பண்ணின அதே வேலை. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துல கையில குறிகள் ஒட்டி, பல கேமரா வெச்சுத்தான் அளந்தாங்க.

அவர் பக்கம் மட்டும் பேசலை. 2004ல அவரோட தூஸ்ரா ஏறக்குறைய 14 டிகிரி வந்துச்சு. அப்ப சுழல்பந்துக்கு வரம்பு 5. ஆனா மத்தவங்களையும் அளந்தப்போ, சுத்தமான பவுலிங்னு பேர் வாங்கின பலரும் பழைய வரம்பைத் தாண்டியிருந்தாங்க. 2005ல எல்லாருக்கும் 15 ஆச்சு. முரளிக்காக விதியை வளைச்சாங்கன்னு இன்னமும் சொல்றவங்களை நான் ஒத்துக்க மாட்டேன்.

பையன் இப்ப ரெண்டு போன் வெச்சு எடுக்கணுங்கறான். ரெண்டாவது என்னோடது. அதைப் பிடுங்கறதுக்குள்ள முடிச்சுக்கறேன்.