சிறு தீயும் பெருந்தீயும்



நம் பள்ளியில் ஐந்திணை பயிலும் பிள்ளைகள் ஒரு செய்தியைக் கேட்டு வியப்படைவதுண்டு. குறிஞ்சிக்கு மலை உண்டு. முல்லைக்குக் காடு உண்டு. மருதத்திற்கு வயலும் நெய்தலுக்குக் கடலும் உண்டு. பாலைக்கு மட்டும் தனி நிலம் கிடையாது. மழை பொய்த்து வெயில் நீடிக்கும்போது மலையும் காடுமே தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று நம் முன்னோர் கண்டு கூறினர். கலிபோர்னியாவில் குடியேறி வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் அன்று. நம் வீட்டுச் சன்னல் வழியே காணும் மலைகளில் நடந்துவரும் மாற்றமாகும்.

2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாளைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நண்பகலிலும் கதிரவன் தெரியவில்லை. வானம் செம்மஞ்சள் நிறத்தில் இருண்டு கிடந்தது. அந்த ஓராண்டில் மட்டும் இம்மாநிலத்தில் நாற்பது இலட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. "தீயே வராமல் தடுக்க வேண்டும்" என்பதுதான் அப்போது நம்மிற் பலர் சொன்ன சொல். அந்தச் சொல் இயல்பானதே. எனினும், அதுவே காட்டைக் காக்கும் வழி ஆகாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சிறு தீயை ஏற்க மறுத்தால் பெருந்தீயை ஏற்க நேரும் என்பதே என் கருத்து.

வறட்சியில் மரம் படும் பாடு

மரம் வேரால் நீரை உறிஞ்சி, மெல்லிய குழாய்களின் வழியே உச்சி இலை வரை ஏற்றுகிறது. மண்ணில் ஈரம் குறைந்து காற்று வெப்பமடையும்போது அந்த நீர்த்தொடர் இடையில் அறுந்து, குழாய்களில் காற்று புகுந்துவிடுகிறது. இதனைத் தவிர்க்க மரம் தன் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும். துளைகளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது. உணவு தயாரிக்க இயலாது. ஆக, வறட்சியில் மரத்திற்குத் தாகமும் பசியும் ஒன்றாக வருகின்றன.

பைன் மரங்களுக்கு இன்னொரு பகையும் உண்டு. பட்டையைத் துளைத்து உட்புகும் சிறு வண்டுகளை, நலமான மரம் பிசினைச் சுரந்து வெளியே தள்ளிவிடும். நீரின்றி வாடிய மரத்திற்குப் பிசின் சுரக்கும் வலிமை இராது. 2012 முதல் 2016 வரை இம்மாநிலத்தை வாட்டிய வறட்சியில் நடந்தது இதுவே. 2010-க்கும் 2017-க்கும் இடையே கலிபோர்னியாவில் ஏறத்தாழ 12 கோடியே 90 இலட்சம் மரங்கள் மாண்டதாக அமெரிக்க வனத்துறை கணக்கிட்டது. சியரா நெவாடா மலையின் தென்பகுதியில் பச்சை மலைகள் துருப்பிடித்தாற்போல் பழுப்பாயின.

இதற்கு மழையின்மை மட்டுமே காரணமா? இல்லை. ஒரு குடம் நீரைப் பத்துப் பேர் பகிர்ந்தால் தாகம் தணியும். நூறு பேர் பகிர்ந்தால் எவருக்கும் தணியாது. அக்காடுகளில் மரங்கள் முன்னைக் காட்டிலும் மிக நெருக்கமாக நின்றன. அந்த நெருக்கத்திற்குக் காரணம், ஒரு நூற்றாண்டுக் காலமாகத் தீயைத் துரத்தியடித்த மனிதச் செயலே.

தீ குற்றவாளியான கதை

ஐரோப்பியர் வருமுன் இந்நிலத்தின் பழங்குடி மக்கள் காட்டைத் தீயால் பேணினர். காற்றும் ஈரமும் பார்த்து, உரிய பருவத்தில் சருகையும் புதரையும் எரித்தனர். வேட்டைக்கும், விதை திரட்டுவதற்கும், கூடை முடையும் குச்சிகளுக்கும் அத்தீ உதவியது. காடும் நெருக்கமின்றித் தழைத்தது. 1850-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் ஒன்று, புல்வெளிக்குத் தீ வைக்கும் பழங்குடியினருக்குத் தண்டனை விதித்தது. 1910-இல் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் முப்பது இலட்சம் ஏக்கர் எரிந்து, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தீ என்றாலே பகை என்னும் எண்ணம் வேரூன்றியது. எந்தத் தீயையும், தகவல் கிடைத்த மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் வனத்துறை விதி வகுத்தது. நல்லெண்ணத்துடன் வகுத்த விதிதான். ஆயினும், ஆண்டுதோறும் எரிந்து தீரவேண்டிய சருகும் சுள்ளியும் இளமரங்களும் காட்டுக்குள்ளேயே கடன்போல் சேர்ந்தன. வட்டியும் முதலுமாக அக்கடனை இன்றைய தலைமுறை செலுத்துகிறது.

இத்தவற்றை முதலில் உணர்ந்தோரில் ஒருவர், நம் அண்டையிலுள்ள சான் ஹோசே கல்லூரியில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்னும் அறிஞர். மூவாயிரம் ஆண்டுகள் வரை வாழக்கூடிய செக்கோயா மரங்களின் தோப்புகளில் இளங்கன்றுகள் ஏன் முளைப்பதில்லை என்று அவர் 1960-களில் ஆராய்ந்தார். செக்கோயாவின் கூம்புக்காய்கள் தீயின் வெப்பத்தில்தான் நன்கு விரிந்து விதைகளைச் சொரியும். அவ்விதைகள் வேரூன்றச் சருகு நீங்கிய வெறுமண் வேண்டும். அடர்ந்த நிழலும் இருக்கக்கூடாது. தீயிடமிருந்து காத்ததாலேயே அம்மரங்களின் சந்ததி தடைப்பட்டது! இதனை உணர்ந்த பின், 1968-இல் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காக்களில் திட்டமிட்டுச் சிறு தீ வைக்கும் பணி தொடங்கியது.

அப்பணி போதிய அளவு பரவவில்லை. 2020-இல் எரிந்த காசில் தீயில் மட்டும், உலகிலுள்ள பெரிய செக்கோயா மரங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினான்கு வரை மாண்டன என்று மதிப்பிடப்பட்டுள்ளது. தீயால் பிறந்து தீயைத் தாங்கிய மரங்களே அவை! ஆனால் 2022 ஜூலையில் யோசெமிட்டியின் மரிபோசா தோப்பை வாஷ்பர்ன் தீ நெருங்கியபோது கதை வேறாயிற்று. பல ஆண்டுகளாகச் சிறு தீ வைத்துச் சருகு குறைக்கப்பட்ட அத்தோப்பில் தீ தணிந்து தவழ்ந்தது, வீரர்கள் அடக்க முடிந்தது, முதுமரங்கள் பிழைத்தன. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம் மலைகளிலும் அதே பாடம்

இது அமெரிக்க மண்ணுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. சத்தியமங்கலம் காடுகளை ஒட்டிக் கர்நாடகத்தில் அமைந்தது பிலிகிரிரங்கன மலை. அங்கு வாழும் சோலிகர் என்னும் பழங்குடியினர், ஆண்டின் தொடக்க மாதங்களில் சருகை மட்டும் மெல்ல எரிக்கும் வழக்கம் உடையவர்கள். 1970-களில் அம்மலை சரணாலயமான பிறகு அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி காடெங்கும் மண்டியதாகவும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதாகவும் சோலிகர் கூறுகின்றனர். ஆய்வாளர்களும் அவர்தம் கூற்றைப் பதிவு செய்துள்ளனர். மண்டிய உண்ணிப் புதரில் பற்றும் தீ, சருகுத் தீயைப்போல் தவழாது. மரக்கிளை வரை தாவும். அதே வேளையில், நீலகிரியின் ஈரமான சோலைக்காடுகள் தீக்குப் பழகியவை அல்ல. எந்தக் காட்டிற்கு எந்தப் பருவத்தில் எவ்வளவு தீ என்னும் அறிவே முக்கியம்.

ரெட்வுட் மரத்தின் கையிருப்பு

நம் பிள்ளைகள் சுற்றுலா செல்லும் பிக் பேசின் பூங்காவுக்கு வருவோம். 1902-இல் தோன்றிய அது, இம்மாநிலத்தின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. 2020 ஆகஸ்டில் மழையின்றி விழுந்த மின்னல்கள் சாந்தா குரூஸ் மலைகளில் 86,000 ஏக்கருக்கு மேல் எரித்தன. பூங்கா ஏறக்குறைய முழுவதும் எரிந்தது. கரிக்கட்டைகளாக நின்ற ரெட்வுட் மரங்கள் முடிந்தன என்றே பலர் கருதினர். சில மாதங்களில் கரிந்த அடிமரத்திலிருந்து பச்சைத் துளிர்கள் எழுந்தன! பட்டைக்குள் நெடுங்காலம் உறங்கிய மொட்டுகள் அவை. ஓரிலையும் இல்லாத மரத்திற்கு அவற்றை வளர்க்க உணவு எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரித்துச் சேமித்த சர்க்கரையிலிருந்து என்று ஆய்வாளர்கள் கண்டனர். 2022 ஜூலையில் பூங்கா மீண்டும் ஓரளவு திறக்கப்பட்டது.

இதைக் கண்டு, "காடு தானே மீளும்" என்று நாம் வாளாவிருக்கலாகாது. அதே பூங்காவில் டக்ளஸ் ஃபர் மரங்கள் பெருமளவில் மாண்டன. அவற்றிற்கு இவ்வாறு துளிர்க்கும் ஆற்றல் இல்லை. ரெட்வுட் மரமும் செலவிட்டது தன் கையிருப்பையே. குடும்பத்தின் சேமிப்பு ஓர் இடரைத் தாங்கும். ஆண்டுதோறும் இடர் வந்தால் தாங்குமா? உலகம் வெப்பமாக ஆக, வறட்சியும் தீயும் அடுத்தடுத்து வருகின்றன. விதைமரங்களெல்லாம் எரிந்துபோன இடங்களில் காட்டிற்குப் பதில் புதர்நிலம் நிலைத்துவிடுவதை அறிவியலார் காண்கின்றனர். பாலை அவ்வாறுதான் பிறக்கிறது.

மறுப்புகளும் விடையும்

"சிறு தீயும் கைமீறாதா?" என்று கேட்பீர்கள். மீறியதுண்டு. 2022-இல் நியூ மெக்சிகோவில் வனத்துறை வைத்த தீ கைமீறிப் பரவி, மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ஏக்கரை எரித்தது. பல குடும்பங்கள் வீடிழந்தன. அத்துயரைச் சிறிதாக்கிப் பேசுவது அறமன்று. நிலம் எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதைச் சரியாக உணராமல் செயல்பட்டதைப் பின்னர் வனத்துறையின் விசாரணையே சுட்டியது. கணிப்பு கூர்மையாக வேண்டும், ஆட்கள் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே இதன் பாடம். கைவிட வேண்டும் என்பதன்று.

"புகையால் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் வாடுவார்களே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கவலை. ஆனால் 2018 நவம்பரை நினைவுகூருங்கள். பாரடைஸ் நகரை அழித்து 85 உயிர்களைக் கொண்ட தீயின் புகை இங்கு வரை வந்து, வளைகுடாப் பகுதிப் பள்ளிகள் பலவற்றை மூட வைத்தது. முன்னறிவிப்புடன் ஓரிரு நாள் வரும் புகைக்குச் சன்னலை மூடிக்கொள்ளலாம். வாரக்கணக்கில் சூழும் நச்சுப்புகைக்கு எங்கே ஒளிவது? புகையே இல்லாத வாழ்வை இம்மண் நமக்கு அளிக்கவில்லை. எந்தப் புகை என்பதை மட்டுமே நாம் தேர்ந்துகொள்ள இயலும்.

நாம் செய்ய வேண்டுவன

நாம் வந்தேறிகள்; காட்டைப் பற்றி நமக்கென்ன என்று ஒதுங்கலாகாது. மலையோரங்களில் வீடு வாங்கியோர் நம்மில் பலர். அத்தகைய இடங்களில் வீட்டைச் சுற்றி நூறடி வரை உலர்ந்த புதரை நீக்குவது சட்டம். சுவரை ஒட்டிய ஐந்தடியில் எரியக்கூடியது எதுவும் இராமல் காப்பது அறிவுடைமை. திட்டமிட்ட தீக்கு ஊரில் எதிர்ப்புக் கிளம்பும்போது, கூட்டத்திற்குச் சென்று அதன் பக்கம் பேசுங்கள். நிலத்தீயின் மரபை மீட்க உழைக்கும் அமா முட்சுன் போன்ற பழங்குடி மக்களின் பணியைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுங்கள். நம் கார்களும் இல்லங்களும் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைப்பதும் இக்கடமையுள் அடங்கும். அதைச் செய்யாவிடில், சிறு தீ வைப்பதற்கு ஏற்ற குளிர்ந்த நாட்களே அருகிவிடும்.

மாணவர்களே! அடுத்த முறை பிக் பேசின் செல்லும்போது கரிந்த மரத்தின் அடியில் துளிர்க்கும் பசுந்தளிரைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் பிறக்கும் முன்பே அம்மரம் சேர்த்து வைத்த உணவு அது. உங்களுக்குப் பின் வருவோருக்கு இக்காடு முல்லையாக இருக்குமா, பாலையாகுமா என்பது, வானத்தின் கையில் பாதியும் நம் கையில் பாதியும் உள்ளது. நம் பாதியை நாம் செய்வோமாக!