வாசி இல்லாக் காசு

திருவீழிமிழலையில் படிக்காசு அருளப்பட்ட வரலாற்றைச் சிவனடியார்கள் நன்கு அறிவர். பஞ்சம் நாட்டை வாட்டிய காலம் அது. அடியார்களுக்கு அமுதளிக்க வழியின்றி வருந்திய அப்பரடிகளுக்கும் ஞானசம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வழங்க வீழிநாதர் திருவுளம் கொண்டார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் காசு கிடைத்தது. ஆயினும் அப்பரின் திருமடத்தில் உரிய வேளையில் அமுது ஆயத்தமாக, சம்பந்தரின் திருமடத்தில் மட்டும் காலம் தாழ்ந்தது. சம்பந்தர் காரணம் வினவியபோது, அவர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி கேட்கிறார்கள் என்று அடியார்கள் தெரிவித்தனர். வாசி என்பது மாற்றுக் குறைந்த காசுக்கு வணிகர் கழிக்கும் வட்டம். சம்பந்தர் பதிகம் பாடி வேண்டிய பின்னரே, வாசி இல்லாக் காசு அவருக்கும் கிடைத்தது.

சுந்தரர் வரலாறும் இதற்கு இணையானது. திருமுதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இடுமுன் அவர் ஒரு சிறு துணுக்கை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். திருவாரூர்க் கமலாலயத்தில் அப்பொன்னை மீண்டும் எடுத்தபோது, அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு மாற்று உரைத்துப் பார்க்கப்பட்டது. அதன் நினைவாகவே திருக்குளக்கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் வீற்றிருக்கிறார்.

இவ்விரு வரலாறுகளிலும் அன்பர்கள் மனத்தில் இருத்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. இறைவன் தந்த பொன்னே உரைத்துப் பார்க்கப்பட்டது. உரைத்துப் பார்த்தவர்களைப் பக்தியற்றவர் என்று எவரும் பழிக்கவில்லை. பக்தி வேறு, உலோகத்தின் மாற்று வேறு என்பதை முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

அத்தெளிவு இன்று மிகவும் தேவைப்படுகிறது. தீபாவளியும் அட்சய திருதியையும் நெருங்கும்போது தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சிகளில் தெய்வத் திருவுருவம் பொறித்த நாணயங்கள் வரிசையாக வருகின்றன. மகாலட்சுமி, விநாயகர், குபேரர் உருவங்களோடு வெல்வெட் பெட்டியில் வைத்த நாணயத்தைக் காட்டி, உண்மை விலை 9,999 ரூபாய், இன்று மட்டும் 2,999 ரூபாய் என்கிறார்கள். திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஐம்பது பெட்டிகளே எஞ்சியுள்ளன என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது. அந்த 9,999 என்ற விலையை நிர்ணயித்தவரும் எண்ணிக்கையை வரையறுத்தவரும் விற்பவரே. பெட்டியினுள் உள்ள நம்பகச் சான்றிதழில் கையொப்பமிடுபவரும் பெரும்பாலும் அவரே.

விளம்பரத்தில் வெள்ளி என்ற சொல் உரக்க ஒலிக்கும். முலாம் என்ற சொல் சிறிய எழுத்தில் ஒரு கணம் தோன்றி மறையும். நான்கு சென்டிமீட்டர் விட்டமுள்ள செம்பு வில்லையின் மீது ஒரு மைக்ரான் கனத்தில் வெள்ளி பூசப்பட்டுள்ளது என்று கொள்வோம். இரு முகங்களையும் விளிம்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதிலுள்ள வெள்ளி ஏறத்தாழ 30 மில்லிகிராம். வெள்ளி கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அதன் மதிப்பு ஆறு ரூபாய். செம்பு, பெட்டி, கூலி அனைத்தையும் சேர்த்தாலும் 2,999 ரூபாய்க்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010-இல் மத்திய அரசு 1,000 ரூபாய் நினைவு நாணயம் வெளியிட்டது. அதன் எடை 35 கிராம், விட்டம் 44 மில்லிமீட்டர், வெள்ளி 80 விழுக்காடு. அதாவது 28 கிராம் வெள்ளி அதில் உண்டு. எடை, மாற்று, விலை ஆகிய மூன்றும் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டு, அரசு நாணயச் சாலை வழியே விற்கப்பட்டது. நினைவு நாணயம் விரும்பும் அன்பர்கள் இத்தகைய வெளியீட்டுக்கு முன்பதிவு செய்து பெறலாம். வேங்கடவன் உருவம் பொறித்த டாலர் வேண்டுவோர்க்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானமே அதனை விற்கிறது. இவற்றுக்கு ஓடும் கடிகாரம் எதுவும் இல்லை.

பழம்பொருள் என்ற பெயரில் விற்கப்படும் நாணயங்கள் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். ஒரு முகத்தில் இராமர் பட்டாபிஷேகமும், மறுமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் கொண்ட வில்லைகள் பல இடங்களில் விலைபேசப்படுகின்றன. கம்பெனியார் சென்னையில் வேங்கடவனும் நாச்சியார் இருவரும் பொறித்த மூன்று சுவாமி வராகனை வெளியிட்டது உண்மை. அவ்வுண்மையின் நிழலிலேயே இந்தப் போலிகள் உலவுகின்றன. இராமர் உருவம் கொண்ட 1818 வில்லைகள் கம்பெனியார் அடித்த பணம் அல்ல. பிற்காலத்தில் செய்யப்பட்ட கோயில் வில்லைகள் அவை. அரிசியை இழுக்கும் சக்தி உடையது என்று சொல்லி இவற்றை இலட்சங்களுக்கு விற்க முயன்று சிறை சென்றோரும் உண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. வைஷ்ணவ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவையொட்டி 2012-இல் வெளியான 5 ரூபாய், 10 ரூபாய் நாணயங்களை இலட்சக் கணக்கில் விலைகொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சிலர் ஆசை காட்டினர். அதற்கு முன்பணமாகக் கட்டணமும் வரியும் கேட்டனர். பழைய நாணய விற்பனையில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை, தன் பெயரால் கட்டணமோ தரகோ கேட்க எவருக்கும் அதிகாரம் அளிக்கப்படவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்தது.

அற்புத சக்தி உண்டென்று கூறித் தெய்வப் பெயரால் பொருள் விற்பதை நீதிமன்றமும் கண்டித்துள்ளது. அனுமன் சாலீசா யந்திரம் குறித்த வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அத்தகைய தொலைக்காட்சி விளம்பரங்கள் மகாராஷ்டிர மாநிலத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறானவை என்பதே அத்தீர்ப்பு.

இவ்வளவு இருந்தும் ஏமாற்றம் வெளியே தெரிவதில்லை. பகலில் தனித்திருக்கும் ஒரு மூதாட்டி, மருந்துச் செலவு போக ஓய்வூதியத்தில் மிஞ்சியதைக் கொண்டு நாணயப் பெட்டி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமக்கென்று அவர் எதுவும் கேட்கவில்லை. பேத்திக்கு ஏதேனும் விட்டுச்செல்ல வேண்டும் என்பதே அவர் எண்ணம். பொருள் வந்ததும் ஐயம் எழுகிறது. ஆனால் மகாலட்சுமி உருவத்தை ஐயுறுவது பாவம் என்று மனம் அஞ்சுகிறது. பிள்ளைகளிடம் சொன்னால் கடிந்துகொள்வார்கள் என்ற தயக்கமும் சேர்கிறது. பெட்டி பூஜை அலமாரியில் மௌனமாக அமர்ந்துவிடுகிறது. அவர் காலத்துக்குப் பின் நகைக்கடையில் உரைத்துப் பார்க்கும்போதுதான் உண்மை வெளிப்படும். அந்த மௌனமே விற்பவருக்குப் பாதுகாப்பாகிறது.

எனவே வீட்டிலுள்ள இளையோர் கடிந்துகொள்ளாமல் கேட்டறிவது நலம். ஒருமுறை கடிந்தால் அடுத்த பெட்டி மறைவாகத்தான் வரும். பெரியோர் செய்யத்தக்கவையும் எளியவை. எத்தனை கிராம், என்ன மாற்று, கட்டியா முலாமா, திரும்பக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று தொலைபேசியிலேயே கேட்கலாம். நேரான விடை வராவிடில் இணைப்பைத் துண்டித்துவிடலாம். எதையும் ஓர் இரவு கழித்து வாங்குவது என்று வீட்டில் நியமம் வைத்துக்கொள்ளலாம். வாங்கியபின் குறை கண்டால் ரசீதுடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். பரிசு விழுந்திருக்கிறது, வரி மட்டும் கட்டுங்கள் என்று அழைப்பு வந்து பணம் பறிபோனால், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

முன்னமே வாங்கிவிட்டோர் மனம் வருந்த வேண்டியதில்லை. திருவுருவம் திருவுருவமே. அதற்கு மலரிட்டு வணங்குவதில் குறையொன்றும் இல்லை. சொத்துக் கணக்கில் மட்டும் அதனைச் சேர்க்கலாகாது.

ஆதிசங்கரருக்கு ஓர் ஏழைப் பெண் இட்டது காய்ந்த நெல்லிக்கனி ஒன்றே. பொன்மழை பொழிந்தது அவள் கொடுத்ததற்காக. வீழிநாதர் படிக்காசு அருளியதும் அடியார் பசி தீர்க்கவே. நாணயப் பெட்டிக்கென்று எடுத்துவைத்த தொகை ஊர்க்கோயில் அன்னதானத்துக்குச் செல்லுமாயின், அதற்கு எக்காலத்தும் வாசி கழிப்பாரில்லை.